கல்லொட்டி முட்டையிட்ட ஞாயிறு

குற்றால சீசன் என்றால் எல்லோருக்கும் அருவி நினைவுக்கு வரும். எனக்குக் கால்கள்தான் நினைவுக்கு வருகின்றன. வெடித்த குதிகால், மஞ்சள் படிந்த நகம், ஆணி, சேற்றுப்புண், எண்ணெயில் ஊறிச் சுருண்ட கணுக்கால் முடி. இரண்டு சீசன் நான் கால்களை மட்டுமே பார்த்தேன். முகங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் யாரையாவது திட்டியிருப்பேன்.

நான் அங்கே மீன் வளர்க்கப் போனவள். விலங்கியல் படித்துவிட்டு, தென்காசியில் ஒரு பள்ளியில் சில வருடம் பாடம் எடுத்தேன். அதை விட்ட பிறகும் ஊருக்கு நான் டீச்சர்தான். மொட்டை மாடியில் தொட்டிகள் கட்டி ஓடை மீன்களை வளர்த்தேன். கடையில் விற்கிற தங்கமீன் மேல் எனக்கு ஆசை கிடையாது. நம் ஓடையில் கிடக்கிற கெண்டையையும் அயிரையையும் தொட்டிக்குள் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுப்பதில்தான் பைத்தியம். என் வீட்டுக்காரர், "மொட்டை மாடியில துணி காயப்போட இடம் இல்ல, இவ மீனுக்குப் பிரசவம் பாக்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தப் பேச்சுதான் சுற்றிச் சுற்றி ஒரு ரிசார்ட் முதலாளியின் காதுக்குப் போனது.

ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும் அவர், பரம்பரையாக வயலும் தோப்பும் உள்ளவர். செங்கோட்டை ரோட்டோரம் இருந்த வயலை மண்ணடித்து மேடாக்கி ரிசார்ட் கட்டியிருந்தார். அங்கே ஒரு மீன் ஸ்பா வைத்திருந்தார். பளிங்குத் தொட்டிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் மீன்கள் கூட்டமாக வந்து செத்த தோலைச் சுரண்டித் தின்னும். அதற்கென்று வெளிநாட்டு மீன் என்று சொல்லி எவனோ எதையோ அவர் தலையில் கட்டிவிட்டான். அவை வளர வளர பல் முளைத்து, ஒரு பெரிய மனுஷரின் கட்டைவிரலில் ரத்தம் வந்துவிட்டதாம். அதன்பிறகுதான் அண்ணாச்சிக்குத் தன் தோப்பு வழியாக ஓடும் ஓடை ஞாபகம் வந்திருக்கிறது. "நம்ம ஓடையில காலப் போட்டா மீனு வந்து கொத்துதுல்லா டீச்சர். அதையே குஞ்சு எடுத்துக் குடுங்களேன்" என்றார்.

அவர் சொன்னது கல்லொட்டியை. விரல் நீளம் இருக்கும். அடிப்பக்கம் இருக்கிற வாயால் பாறையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு வேகமாகத் தண்ணீர் வந்தாலும் அசையாமல் நின்று பாசியைச் சுரண்டித் தின்னும். மனிதத் தோல் அதற்குச் சாப்பாடு இல்லை. வேறு வழி இல்லாதபோது தின்னும், அவ்வளவுதான். இதைக் கேட்டதும் அண்ணாச்சி, "அப்ப வேற வழி இல்லாமப் பண்ணிருவோம்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அப்போதே எழுந்து வந்துவிடத் தோன்றியது.

ஆனால் நான் எழுந்து வரவில்லை. காரணம் அந்த ஓடை. மேட்டுப் பக்கம் புதிது புதிதாக விடுதிகள் வந்து ஒவ்வொன்றின் கழிவுக்குழாயும் ஓடையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கல்லொட்டிக்குச் சுத்தமான ஓட்டத் தண்ணீர் வேண்டும். இன்னும் கொஞ்ச காலத்தில் அந்த ஓடையில் ஒன்றுகூட மிஞ்சாது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தொட்டியில் குஞ்சு எடுத்துவிட்டால், விடுதிகளுக்கு மேலே காட்டை ஒட்டி இருக்கிற பாறைமடுவில் கொண்டுபோய் விடலாம். அதற்கு எனக்கு இடமும் தண்ணீரும் வேண்டும், இரண்டும் அண்ணாச்சியிடம் இருந்தன. முதல் ஈட்டுக் குஞ்சுகள் மடுவுக்கு, அதற்கப்புறம்தான் ஸ்பாவுக்கு என்று பேசிக்கொண்டோம். அவர் தன் குலசாமி மேல் சத்தியம் செய்தார்.

ஓடையில் பிடித்த மீன்களில் நல்ல வயிறு பருத்த பெட்டைகளையும் இணைசேரத் தயாராகி மூக்கில் சொரசொரவென்று முள் கண்ட ஆண்களையும் பொறுக்கி, தோப்புக் கடைசியில் ஒரு சிமெண்ட் தொட்டியில் விட்டேன். அவைதான் தாய்மீன்கள். மற்றவை, குஞ்சு வரும்வரைக்கும் ஆகட்டும் என்று ஸ்பாவுக்குப் போயின. போன மறுநாளே அண்ணாச்சி வந்து, "அதுகளுக்குத் தீனி போடாதீய டீச்சர். வயிறு நெறஞ்சா காலக் கடிக்காது" என்றார். நான் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பாசிபிடித்த கல்லைக் கொண்டுபோய்த் தொட்டிக்குள் வைப்பேன். தோட்டக்காரர் அதை எடுத்து வெளியே போடுவார். பட்டினி கிடந்த மீன்கள் கால் உள்ளே இறங்கியதும் பாய்ந்து மொய்க்கும். உட்கார்ந்திருப்பவர்கள், "ஐயோ, எவ்வளவு பாசமா வருது பாரு" என்று செல்ஃபி எடுப்பார்கள். நான் தோப்புப் பக்கம் போய்விடுவேன்.

தாய்மீன்கள் முட்டையிடவில்லை. ஓடையில் அவை சாரல் காலத்தில்தான் முட்டையிடும். குளிர்ந்த புதுவெள்ளம் வேகமாக இறங்கும்போது அதை எதிர்த்து ஏறி, கூழாங்கல் இடுக்கில் பீச்சிவிட்டுப் போகும். அதைத் தொட்டிக்குள் கொண்டுவர நான் படாத பாடு பட்டேன். சின்ன மோட்டார் வைத்து ஓட்டம் காட்டினேன். மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். ஐஸ் வாங்கி வந்து குளிரவைத்தேன். கெண்டைக்குப் போடுகிற ஹார்மோன் ஊசியைத் துளியாகக் குறைத்துப் போட்டதில் இரண்டு பெட்டைகள் செத்ததுதான் மிச்சம். வயிறு நிறைய முட்டையை வைத்துக்கொண்டு மற்றவை கல்லைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடந்தன.

அடுத்த கோடையில் ஓடை வற்றியது. மிச்சமிருந்த குட்டைகளில் கழிவுத் தண்ணீர் கறுப்பாகத் தேங்கி நாறியது. ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் தண்ணீர் வந்தது, மீன் வரவில்லை. வலையைப் போட்டு, கல்லைப் புரட்டி, நாள்கணக்கில் தேடினேன். ஷாம்பு பாக்கெட்டும் குழந்தைகளுக்குக் கட்டுகிற நாப்கினும்தான் கிடைத்தன. அந்த ஓடையின் கல்லொட்டி என்று இனி இருப்பவை என் சிமெண்ட் தொட்டியில் உள்ளவையும் ஸ்பாவில் பட்டினி கிடப்பவையும்தான் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். "நல்லாப் பாத்துக்கிடுங்க டீச்சர்" என்றார், ஏதோ என் வீட்டு நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்வதுபோல.

அந்த சீசனில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் முதலில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, உடம்பெல்லாம் வழிய வழிய ஊறி, பிறகு அருவிக்குப் போவார்கள். அந்த ஊறுகிற நேரம் வீணாகப் போகிறதே என்று மசாஜ் பெஞ்சை மீன் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார். நான் கத்தினேன். சீயக்காய் தேய்த்துக் கழுவாமல் ஒரு காலும் உள்ளே போகக்கூடாது, எண்ணெய் படலம் கட்டினால் மீன் மூச்சுமுட்டிச் செத்துப்போகும் என்றேன்.

"என்ன டீச்சர் இப்படிச் சொல்லுதீய? இது கடையில வாங்குன எண்ணெயா? அத்தனையும் மூலிகை. மனுசனுக்கே நல்லதுன்னா மீனுக்கு எப்படிக் கெடுதல் பண்ணும்?"

அவர் பொய் சொல்லவில்லை, மனதார நம்பினார். எங்கள் ஊரில் மூலிகை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அப்புறம் சாக்கடையைக்கூடக் குடித்துவிடுவார்கள். வாதாடி வாதாடி, கால் கழுவ ஒரு குழாய் மட்டும் போடவைத்தேன்.

சுரண்டையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. சனிக்கிழமை போய்விட்டு, ஞாயிறு மதியம் தாலிகட்டுச் சாப்பாடு முடிந்த கையோடு, பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் நேரே ரிசார்ட்டுக்கு வந்தேன். சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் இருந்தது, கற்கள் இருந்தன. மீன்கள் இல்லை.

அண்ணாச்சி கணக்கு மேஜையிலிருந்து எழுந்து சந்தோஷமாக வந்தார். சனிக்கிழமை கூட்டம் தாங்கவில்லையாம். எண்ணெயோடு காலை விட்டவர்களைத் தடுக்க ஆள் இல்லையாம். சாயங்காலத்துக்குள் ஸ்பா மீன்களில் பெரும்பாலானவை மல்லாந்துவிட்டன. "அதயெல்லாம் தென்னம்மூட்டுல போட்டாச்சு, உரமாச்சுல்லா. தொட்டியத் தேச்சுக் கழுவி, ஓடையிலருந்து பெரிய மோட்டார் வச்சு புதுத் தண்ணி அடிக்கச் சொன்னேன். ஞாயித்துக்கிழமையும் அதுவுமா வெறுந்தொட்டியக் காட்ட முடியுமா? அதான் அங்கன கிடந்த உங்க மீன எடுத்து இங்கன விட்டேன். சங்கடப்படாதீய."

நான் ஸ்பாவுக்கு ஓடினேன். பெரிய குழாயிலிருந்து ஓடைத் தண்ணீர் பனிபோலக் குளிர்ந்து, தொட்டியின் ஒரு மூலையில் அருவியாக விழுந்துகொண்டிருந்தது. சுற்றிலும் கால்கள். அந்தக் கால்களுக்கு நடுவே, என் தாய்மீன்கள் தண்ணீரை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. ஒரு பெட்டையை இரண்டு ஆண்கள் பக்கவாட்டில் நெருக்கின. அவள் ஒரு நடுங்கு நடுங்கினாள். பளிங்குத் தரையில் முட்டைகள் சிதறின.

இரண்டு சீசனாக நான் ஐஸும் ஊசியும் வைத்து மன்றாடிய காரியம், இவர்கள் குப்பையைக் கழுவ அடித்த தண்ணீரில் நடந்துவிட்டது. அதைப் பார்த்த அந்த ஒரு நொடி எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மறுநொடி, சனிக்கிழமை சாகாமல் தப்பிய பட்டினி மீன்கள் முட்டைகளின் மேல் பாய்ந்தன. தரை வழவழவென்ற பளிங்கு, ஒளிய ஒரு கூழாங்கல்கூடக் கிடையாது.

"எல்லாரும் காலை எடுங்க! தண்ணிய விட்டு எந்திரிங்க!" என்று கத்தினேன்.

யாரும் அசையவில்லை. ஒரு பெண் குனிந்து பார்த்து, "என்னமோ ஜவ்வரிசி மாதிரி கெடக்கு, கலீஜா இருக்கு" என்று முகத்தைச் சுளித்தாள். அதற்குள் பின்னால் வந்து சேர்ந்த அண்ணாச்சி கையைத் தட்டி, "பாத்தீயளா டீச்சர்! நம்ம தண்ணியோட மகிமை! தானாப் போட்டுட்டு பாருங்க!" என்றார். உடனே நாலைந்து பேர் ஃபோனை எடுத்துப் படம்பிடிக்க ஆரம்பித்தார்கள்.

நான் சேலையோடு தொட்டிக்குள் இறங்கினேன். கால் கழுவுகிற குழாயடியில் கிடந்த சொம்பால் அள்ளினேன். அள்ளுவதற்குள் தரை துடைத்ததுபோல ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே இடத்தில்தான். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு தடித்த ஆள் காலைக் கழுவாமல் இறங்கியிருந்தார். அவருடைய கெண்டைக்கால் முடியில் எண்ணெயோடு எண்ணெயாக முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. முட்டையிட்ட அந்தப் பெட்டையே அவர் காலுக்கு வந்து, ஒவ்வொன்றாக உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவருக்குக் கூசியது. கண்ணை மூடிக்கொண்டு ஹிஹி என்று சிரித்தார்.

நான் முழங்கால் போட்டு உட்கார்ந்து அவர் காலை இரண்டு கையாலும் பிடித்தேன். ஒருவர் காலைக்கூட விரலால் தொடாமல் இரண்டு சீசனை ஓட்டியவள், முன்பின் தெரியாத ஒருவனின் எண்ணெய்க் காலை மடியில் ஏந்தி, முட்டிக்குக் கீழிருந்து கணுக்கால் வரை விரலால் வழித்து வழித்துச் சொம்பில் விட்டேன். அவர் கண்ணைத் திறந்து என் பட்டுச்சேலையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு திரும்பி அண்ணாச்சியிடம், "இதுவும் பேக்கேஜ்ல சேர்த்தியா சார்?" என்று கேட்டார். அடுத்த காலையும் எனக்கு நீட்டினார்.

அந்தக் காலையும் வழித்தேன். அதிலும் முட்டை இருந்தது. தொட்டியைச் சுற்றிச் சிரித்தார்கள்.

சொம்பை மார்போடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, நல்ல தண்ணீர் மாற்றி, காற்று கொடுத்து, மாடியிலேயே பாய் போட்டுப் படுத்தேன். விடிந்ததும் எட்டிப் பார்த்தேன். எண்ணெய் பட்ட முட்டை ஒன்றுகூடப் பிழைக்கவில்லை, எல்லாம் வெளுத்துப் பஞ்சாகிக் கிடந்தன.