திருவிருந்துக்கு நீண்ட கை

எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து மலாய் மண்ணுக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம். என் கணவர் தைப்பூசத்துக்குத் தவறாமல் பால்குடம் எடுத்தவர். மஸ்ஜித் தானா ஊருக்குப் போகும் சாலையில் கார் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தார். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பது என் அப்பா வீட்டுச் சட்டம். அதனால் பொங்கலன்று இவர் இரண்டு பானை வைப்பார். ஒன்று சாமிக்கு, ஒன்று எனக்கு. "சாமிக்கும் ஒனக்கும் ஒரே அடுப்பு ஒத்து வராதுலா" என்று கிண்டல் செய்வார். அவ்வளவுதான், வேறு பேச்சே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் புக்கிட் பெருவாங்கில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து என்னைத் தேவாலயத்துக்குக் காரில் கூட்டிப்போவார். கடைசி வரிசையில் என்னோடு உட்காருவார். திருவிருந்து நேரம் வந்ததும் நான் எழுந்து முன்னால் போக, முழங்காலை ஒதுக்கி வழிவிடுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு அப்பத்தை வாங்கிச் சாப்பிட்டுத் திரும்புவேன். அது எனக்கும் கர்த்தருக்கும் இடையில் நடக்கும் காரியம் என்றே அத்தனை வருடமும் எண்ணியிருந்தேன். பக்கத்தில் ஒருவர் வெறும் வாயோடு உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஈரலில் புற்றுநோய் வந்து அவர் படுத்த படுக்கையானார். மருத்துவமனையில் கைவிரித்துவிட்டார்கள். வீட்டுக் கூடத்தில் கட்டிலைப் போட்டு வைத்துக்கொண்டேன். அவரை விட்டு நகர முடியாததால், எங்கள் போதகர் சின்னப் பெட்டியில் அப்பமும் திராட்சை ரசமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், எங்கள் மகன் வயதுதான் இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, ஜெபித்து, அப்பத்தைப் பிட்டு என் கையில் வைத்தார்.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டது. வலக்கையைக் குழித்து, அதன் அடியில் இடக்கையைத் தாங்கக் கொடுத்து, கோயிலில் தீர்த்தம் வாங்கும்போது நீட்டுவாரே, அப்படி. எங்கள் சபையில் அப்பம் வாங்க நாங்கள் நீட்டுவதும் அப்படித்தான். கோயிலில் நீட்டிய கைக்கு இல்லை என்று சொல்ல மாட்டார்கள். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார் பாவம்.

போதகர் தடுமாறிப்போனார். "அங்கிள், இது ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்கு மட்டும்தான் குடுக்கணும். சபை ரூல் அங்கிள். நான் ஒங்களுக்கு ஜெபம் பண்றேன்" என்றார்.

"பரவாயில்ல பாஸ்டர். ஜெபமும் நல்லதுதானே" என்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து நின்றால்கூட ஒரு பிஸ்கட்டாவது கொடுக்காமல் நாம் வாயில் எதையும் போடுவதில்லை. அப்பத்தைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். "எனக்கும் வேணாம் பாஸ்டர்" என்றேன். போதகர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிட்ட அப்பத்தை மிச்சம் வைக்கக் கூடாது என்பதால் அவரே அதைத் தின்றார். மென்றுகொண்டே வெள்ளைத் துணியை மடித்தார். எனக்கு இரக்கம் வரவில்லை.

போதகர் போனதும் இவர் என்னைத் திட்டினார். "பைத்தியமா ஒனக்கு? ஒங்க சாமி சாப்பாட்ட திருப்பி அனுப்பிட்டியே."

"நீங்க பாத்துக்கிட்டு இருக்க நான் மட்டும் எப்படிங்க திங்கிறது?"

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "மதம் மாறணும்னு இல்லமா. நீ சாப்பிடுறத ஒரு தடவ நானும் சாப்பிடணும்னு தோணுச்சு. போறதுக்கு முன்னாடி."

"அப்போ ஞானஸ்நானம் எடுத்துக்கிறீங்களா? வீட்டுக்கே வந்து குடுப்பாங்க."

"ஒரு வாய் சாப்பாட்டுக்குப் பொய் சொல்லச் சொல்றியா?"

அன்று சாயங்காலம் நானே கடை ரொட்டியைப் பிய்த்து, திராட்சைச் சாற்றில் நனைத்து அவர் உதட்டருகே கொண்டுபோனேன். வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். "இது நம்ம வீட்டு ரொட்டிமா. நீ எல்லாரோடயும் போயி சாப்பிடுவியே, அது இல்ல இது" என்றார். ஆயுள் முழுக்க வேதம் படித்த எனக்குப் புரியாதது அவருக்குப் புரிந்திருந்தது. கர்த்தர் ஒருவரையும் தனியாக உட்கார வைத்துப் பரிமாறவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ரொட்டியைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை.

அந்த வாரமே போய்விட்டார்.

காரியங்கள் அவர்கள் முறைப்படி நடந்தன. வாசலில் கூடாரம் போட்டிருந்தது. பாயா ரும்புட்டிலிருந்து வந்த என் கொழுந்தனார் வாய்க்கரிசித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போட்டேன், மகன் போட்டான், சொந்தக்காரர்கள் போட்டார்கள். போதகரும் வந்திருந்தார். செருப்பைக் கழற்றாமல் கேட்டருகே ஒதுங்கி நின்றார்.

கொழுந்தனாருக்கு நடந்தது எதுவும் தெரியாது. "ஏன் பாஸ்டர் அங்கயே நிக்கிறீங்க? வாங்க, நீங்களும் ஒரு வாய் போடுங்க" என்று தட்டை நீட்டினார்.

போதகர் என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். எந்தச் சபை, எந்தச் சாமி என்று யாரும் கேட்கவில்லை. தட்டிலிருந்து அரிசியை எடுத்தார். குனிந்து, என் கணவரின் உதட்டில் வைத்தார். பாதி அரிசி கன்னத்தில் வழிந்து தலையணையில் விழுந்தது. போதகர் அதைப் பொறுக்கி மறுபடியும் வாயில் வைக்கப் பார்த்தார். அந்த வாய் இனி எதையும் விழுங்காது.