மதுரைக்குப் போய் வந்த மனு

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு மனுவை ஒரே இடத்தில் கொடுத்தால் மனசு ஆறாது. கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதி, ஒன்றை எங்கள் ஆபீசிலும், ஒன்றை மதுரைக் கலெக்டருக்கும், ஒன்றை மெட்ராசில் மந்திரிக்கும் கொடுத்துவிடுவார்கள். மதுரையும் மெட்ராசும் என்ன செய்யும்? 'விசாரித்து அறிக்கை தருக' என்று சீல் குத்தி எங்கள் தலையிலேயே கட்டும். ஒரே மனு மூன்று ஃபைலாக வந்து எங்கள் ரெக்கார்டு ரூமில் படுத்துக்கொள்ளும். எழுபதுகளின் நடுவில், கம்பம் பள்ளத்தாக்கின் அந்த சர்க்கார் ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒரு பழைய ஃபைலைத் தேடி எடுக்க மூன்று நாள் ஆகும்.

எனக்கு இருபத்து மூன்று வயது. வேலை நிரந்தரமாகவில்லை, வாய் மட்டும் நீளம். "இதை நான் ஒழுங்கு பண்ணிக் காட்டுறேன் சார்" என்று ஆபீசரிடம் சொல்லிவிட்டேன். யார் என்னைக் கேட்டது?

என் ஏற்பாடு இதுதான். மூன்று பிரதிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது. மற்ற இரண்டை உருவிவிட்டு, அவை இருந்த இடத்தில் தலா ஒரு சீட்டு செருகுவது. உருவிய பிரதி எங்கிருந்து வந்தது, எத்தனை பக்கம், வைத்திருக்கும் பிரதி எந்தக் கட்டில் இருக்கிறது என்று சீட்டில் எழுதுவேன். முதல் பக்கங்களைச் சேர்த்து வைத்துப் பார்ப்பேன். வரிக்கு வரி ஒன்றாக இருந்தால் தீர்ந்தது வேலை. உருவியதை வெள்ளிக்கிழமைதோறும் அட்டெண்டர் அண்ணன் ஆபீசுக்குப் பின்னால் குழியில் போட்டு எரிப்பார். இரண்டு மாதத்தில் அலமாரிகள் பாதி காலி. எந்த ஃபைலைக் கேட்டாலும் ஐந்தே நிமிடம். ஆபீசர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைக் காட்டிப் பெருமை பேசினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் கோம்பையிலிருந்து ஒரு அக்கா வந்தார். புருஷன் இறந்து ஒரு வருஷம். கிணறு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. கொழுந்தன் தண்ணீர் விட மறுக்கிறான். மதியம் மூன்று மணிக்கு ஆபீசர் முன்னால் விசாரணை.

"தாயி, எம் மனுவுல கொழுந்தன் எழுதிக் குடுத்த காயிதத்தைக் குத்தி வச்சிருக்கேன். வாரத்துல மூணு நாள் தண்ணி எங்களுக்குன்னு அவனே கையெழுத்துப் போட்டது. அதைக் காட்டலைன்னா வாழை பூராம் கருகிப்போகும்த்தா."

"இந்தா, அஞ்சு நிமிஷம்" என்று எழுந்து போனேன்.

ஃபைல் வந்தது. இரண்டு பக்கம். மனு மட்டும். கடைசித் தாளைத் திருப்பினேன், உதறினேன், கட்டையே பிரித்துக் கொட்டினேன். ஒன்றுமில்லை. மெட்ராஸ் பிரதி இருந்த இடத்துக்கு ஓடினேன். என் சீட்டு: 'இரண்டு பக்கம்.' மதுரைப் பிரதி இருந்த இடத்திலும் என் சீட்டு, என் முத்து முத்தான கையெழுத்தில்: 'மூன்று பக்கம்.'

நானேதான் எண்ணியிருக்கிறேன். நானேதான் எழுதியிருக்கிறேன். அந்த மூன்றாவது பக்கம் என்னவென்று பார்க்க மட்டும் இந்தக் கழுதைக்குத் தோன்றவில்லை.

அட்டெண்டர் அண்ணனிடம் கேட்டபோது அவர் பாவமாகப் பார்த்தார். "அந்தக் கட்டெல்லாம் போன மாசமே எரிச்சாச்சேம்மா. நீங்கதான நின்னு பார்த்தீக?"

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. சீட்டைக் கிழித்துப் போட்டால் போதும். ஃபைலில் இல்லை என்று சொன்னால் ஆபீசர் என்னைத்தான் நம்புவார். அந்த அக்காவை யார் நம்பப் போகிறார்கள்? சீட்டைக் காட்டினால் வேலை போகும். இரண்டு முறை அதைக் கசக்கினேன், இரண்டு முறையும் நீவி விட்டேன். உள்ளங்கை வேர்வையில் மசி லேசாக ஊறிவிட்டது. வெளியே பெஞ்சில் அந்த அக்கா முந்தானையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "கிடைச்சிருச்சா தாயி?" என்று கேட்டார். உள்ளே போய்விட்டேன்.

விசாரணையில் கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அப்பிடி ஒரு காயிதமே கிடையாதுங்க ஐயா." ஆபீசர் ஃபைலைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். சீட்டை மேசையில் வைத்தேன்.

"மதுரையிலருந்து வந்த பிரதியில மூணு பக்கம் இருந்துச்சு சார். நான்தான் பார்க்காம எரிக்கக் குடுத்துட்டேன்."

அவர் முகம் சிவந்தது. ஆனால் என்னைத் திட்டவில்லை, கொழுந்தனிடம் திரும்பினார். "மனுவே ரெண்டு பக்கந்தான். அப்ப மூணாவது பக்கம் என்னய்யா?"

அவன் சீட்டைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். "கையெழுத்துப் போட்டது நெசந்தான் ஐயா. அண்ணன் இருந்தப்ப போட்டது" என்று முனகினான். மூன்று நாள் தண்ணீர் அந்த அக்காவுக்கு என்று அங்கேயே எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு மெமோ வந்தது. வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போனது.

படியிறங்கும்போது அந்த அக்காவிடம் கேட்டேன். "ஏக்கா, அதை ஏன் மதுரைக்கு அனுப்புனதுல வச்சீக?"

"இங்கன வச்சா கொழுந்தன் ஆளப் பிடிச்சு உருவிப்பிடுவான்னு பயந்துதான் அம்புட்டுத் தொலைவு அனுப்புனேன். அது திரும்பி இங்கனயே வரும்னு நான் என்னத்தக் கண்டேன்?" கோபமே இல்லாமல் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்தார்.

நாங்கள் எட்டு வெள்ளிக்கிழமை எரித்திருந்தோம். ரெக்கார்டு ரூமுக்குத் திரும்பி, மற்றச் சீட்டுகளில் எழுதியிருந்த பக்கங்களை ஃபைல்களோடு ஒத்துப் பார்க்க உட்கார்ந்தேன். முதல் அலமாரியிலேயே பதினொன்று ஒத்து வரவில்லை.