சங்கு ஊதினால் சன்னலைத் திறக்கணும்

மூச்சிரைக்கும் பிள்ளையை அப்பாவோடு வைத்துக்கொள்வதா, நல்ல காற்றில் வைத்துக்கொள்வதா? செஞ்சிக்குப் போய்வந்து மூன்று நாளாகியும் எனக்குப் பதில் தெரியவில்லை.

போன புதன்கிழமை காலை 8.20-க்கு, மூன்று வயது மகள் அமுதினியோடு திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். செஞ்சி 28 கிலோமீட்டர். அங்கே ஒரு ஜல்லி கிரஷரில் என் கணவருக்கு லாரிகளை எடை போடும் வேலை. வாரத்தில் ஒருநாள்தான் வீட்டுக்கு வருவார். கிரஷருக்குப் பக்கத்தில் வாடகை வீடு ஒன்று பார்த்திருந்தார். குடிபோகலாமா என்று நான்தான் சொல்ல வேண்டும். பைக்குள் இன்ஹேலர் இருக்கிறதா என்று மூன்று முறை தொட்டுப் பார்த்தேன்.

9.30. செஞ்சி பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரர், "இன்னாம்மா, கோட்டைக்கா?" என்றார். இல்லை, கிரஷர் பக்கம் என்றேன்.

"அங்க இன்னாத்த பாக்கப் போற? அதுவும் மலைதான். இன்னா, லாரில ஏறிப் போயிக்கினு இருக்குது!"

அனந்தபுரம் சாலையில் ஒன்பது கிலோமீட்டர், இருநூறு ரூபாய். கடைசி இரண்டு கிலோமீட்டரில் வேர்க்கடலைச் செடிகள் மாவு தூவியதுபோல் வெளுத்திருந்தன.

வீடு நன்றாகவே இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. 12.50-க்குச் சங்கு ஊதியது. பக்கத்துக் கல் குவாரியில் வெடி வைக்கப்போகிறார்கள், புழுதி வரும் என்று எல்லாச் சன்னலையும் அவசரமாகச் சாத்தினேன். பக்கத்து வீட்டு செல்வி ஓடிவந்தார்.

"ஐயய்யோ, தொறந்து உடும்மா! அதிர்ச்சில கண்ணாடி எகிறிடும்!"

ஒன்றைத் திறப்பதற்குள் தரை அதிர்ந்தது. மற்றொன்றின் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது. அமுதினி அலறினாள். செல்வி ஈரத்துண்டால் அவள் மூக்கைப் பொத்தினார்.

"வெடிக்குத் தொறக்கணும், புழுதிக்கு மூடணும். ரெண்டுக்கும் நடுவுல நூறு எண்ணு. பழகிடும்."

"உங்க வீட்ல யாருக்காவது இருமல் இருக்குதாக்கா?"

"யாருக்கு இல்ல?" என்று சிரித்தார்.

1.30-க்குக் கணவர் சாப்பிட வந்தார். இமை, மீசை எல்லாம் வெள்ளை. ஞாயிறுதோறும் குளித்துவிட்டு வந்த மனிதரைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். அமுதினி என் பின்னால் ஒளிந்தாள். பிறகு குரலை அடையாளம் கண்டு, "நைனா!" என்று தாவினாள். அவளைத் தூக்கியவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். இருமல் நிற்க நேரமாயிற்று.

"எவ்ளோ நாளா?"

"லாரிப் புழுதி. உடு. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடட்டா?"

ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

4.10 பஸ்ஸில் அமுதினி மடியில் தூங்கிவிட்டாள். அவள் மார்பில் காதை வைத்துப் பார்த்தேன். பஸ் இரைச்சலில் எதுவும் பிடிபடவில்லை. அவர் நெஞ்சிலும் அப்படிக் காது வைத்துப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

கல் குவாரிப் பக்கம் குடியிருப்பவர்கள், இருந்துவிட்டு வந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். பிள்ளையை அங்கே கொண்டுபோகாமலிருக்க என்னால் முடியும். இருமலை ஒரு பொருட்டாகவே நினைக்காத மனிதரை அங்கிருந்து கிளப்பிக் கூட்டிவர நீங்கள் என்ன சொன்னீர்கள்? நாளை ஞாயிறு.