இரண்டு சம்பந்திகளும் ஒரு மர்மமும்

போன வாரம் ஒரு வாசகி போனில் கேட்டார் – ‘மர்மம்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இப்போதெல்லாம் எனக்கு எல்லாமே நாளைக்குத்தான்.

அகராதியைப் புரட்டினேன். வடசொல். முதலில் அதற்கு இரகசியம் என்ற பொருளே இல்லையாம்... உடம்பில் அடிபட்டால் உயிர் போகும் இடத்துக்குத்தான் மர்மம் என்று பெயர். அந்த இடங்களை அறிந்த வித்தைதான் வர்மம். கண்டவனுக்கும் சொல்லிக்கொடுத்தால் கொலையில் முடியும் என்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். போகப்போக, மறைத்து வைப்பதெல்லாம் மர்மமாகிவிட்டது.

மறுநாள் பிரஷர் மாத்திரை எடுக்கக் கண்டிக்குப் போனேன். ஆஸ்பத்திரியில், இருதயக் கிளினிக் வாங்கில் என் மனைவியின் தம்பி ஆரோக்கியம் உட்கார்ந்திருந்தார். தெல்தோட்டையில் இருப்பவர்.

“வார்ட்டுக்கு வந்து படுங்கன்னு டொக்டர் சொல்லிட்டாரு மச்சான். மகளுக்கு ஓலை வாசிச்சு முடியட்டும்னு இருக்கேன். அக்காகிட்ட சொல்லிறாதீங்க.”

ஓலை என்றால் – கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு எங்கள் மாதா கோயிலில் பெயர் வாசித்து, தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்பார்கள். அப்பனின் நெஞ்சுவலி அந்தக் கணக்கில் வராது. ஆனால் நம் ஆட்களுக்கு அதுவும் தடைதான். ‘இருதய வருத்தம் உள்ள குடும்பம்’ என்று பேச்சு வந்தால் சம்பந்தம் கலைந்துவிடுமாம்.

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

மருந்து வரிசைக்கு வந்தால், தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டபடி ஒருவர். ஆரோக்கியத்தின் மகளைக் கட்டப்போகும் மாப்பிள்ளையின் அப்பா; பிலிமத்தலாவையில் கடை வைத்திருப்பவர். கையில் அதே கிளினிக் அட்டை.

“அட்மிட் ஆகச் சொல்றாங்க சேர். ஓலை முடியட்டும். பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாங்க? நீங்க சொல்லிறாதீங்க.”

அவருக்கும் சரி என்றேன். சிரிக்க வேண்டிய இடம். எனக்கு அலுப்பாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கல்யாணம் நின்றுவிடும் என்று இருவரும் நெஞ்சைப் பொத்திக்கொள்கிறார்கள். அந்த நெஞ்சே நின்றுவிட்டால்?

ஞாயிறு இரண்டாம் ஓலை. “தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்” என்றார் ஃபாதர். ஆரோக்கியம் என்னைப் பார்த்தார். அடுத்த வாங்கிலிருந்து சம்பந்தியும் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

இரண்டு பக்கமும் ஒரே வருத்தம் என்றால் யாரை யார் குறை சொல்ல? ஆனாலும் வாக்குக் கொடுத்துவிட்டேனே... இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை, இனியும் திறக்கமாட்டேன்.

மூன்றாம் ஓலைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இருவரும், என் மனைவியும், இந்தப் பத்திரிகைப் பத்தியை வாரம் தவறாமல் வாசிப்பவர்கள். அதனால் கவனமாகப் பெயரை மாற்றிவிட்டேன்.

ஊரை மாற்றத்தான் மறந்துபோனேன்.