வெண்டைக்காயின் நுனி

எங்கள் நெமிலிச்சேரித் தெருவில், காய் வாங்குவதில் அம்மாவுக்குப் பெரிய பெயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும், கோயிலுக்குப் போன நல்ல உடுப்போடே ரயிலேறி ஆவடிப் பக்கம் உழவர் சந்தைக்குப் போவோம். தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேர் கூடவே வருவார்கள். அம்மா எந்தக் கத்திரிக்காயை எடுக்கிறாளோ, அதற்குப் பக்கத்துக் கத்திரிக்காய் அவர்கள் பைக்குள் போகும். அப்பாவின் வேலை பையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்பது.

எனக்கு அந்தச் சந்தை கொண்டாட்டம். ஈரக் கொத்தமல்லி வாசனையில் பசிக்க ஆரம்பிக்கும். யாராவது ஒரு கேரட்டைக் கையில் கொடுப்பார்கள். பாவாடையில் துடைத்துக் கடித்துக்கொண்டே நடப்பேன். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அம்மா வெண்டைக்காய் பார்க்கும் அழகுதான். கட்டை விரலால் நுனியை அழுத்துவாள். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, தட்டுக்குப் போகும். வளைந்து தொங்கினால் முற்றல், குவியலுக்கே திரும்பிவிடும்.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, அத்தை வீட்டார் விருந்துக்கு வரவிருந்த ஒரு ஞாயிறன்று, "வெண்டைக்காய நீயே பாருடி" என்று சொல்லிவிட்டு அம்மா தக்காளிப் பக்கம் போனாள். பெரிய மனுஷியாகிவிட்ட பெருமையோடு குவியல் முன் குந்தினேன். ஒன்றை ஒடித்தேன். பட். இன்னொன்று. பட். அந்தச் சத்தத்தின் சுகத்தில் பிஞ்சைத் தட்டில் போட வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. கடைக்கார அம்மா வேறொருவருக்கு எடை போட்டுவிட்டுத் திரும்பியபோது, குவியலில் நுனியோடு இருந்த காய்களைத் தேட வேண்டியிருந்தது.

"ஐயய்ய! இன்னா பாப்பா பண்ணி வெச்சிகீற? யாரு ஒனக்கு இத்த சொல்லிக் குடுத்தது?"

வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை போல எழுந்து நின்றேன். "எங்கம்மா!" என்று கை நீட்டிக் காட்டினேன்.

கடைக்கார அம்மா என்னை விட்டுவிட்டு எங்கம்மாவைப் பார்த்தார். "ஆளாளுக்கு ஒடிச்சிப் பாத்துட்டு வீசிட்டுப் போறீங்க. மொனை ஒடிஞ்ச காய அப்பால யாரும்மா வாங்குவா? சாயந்தரம் மாட்டுக்குத்தான் கொட்டிகினு கீறேன்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் கூட வந்த பெண்களில் ஒருத்தி கையிலிருந்த வெண்டைக்காயை மெல்லக் கீழே வைத்தாள். இன்னொருத்திக்குத் திடீரென்று பாகற்காய் மீது அக்கறை வந்துவிட்டது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மொத்தத்தையும் எடை போடுங்க" என்றாள் அம்மா. அதுவரை அவரை வா, போ என்றே பேசியவள்.

"வேணாம்மா, கொயந்த தெரியாம பண்ணிச்சி."

"பரவால்ல, போடுங்க."

எப்போதும் அம்மா அதட்டி வாங்கும் கொசுறுக் கறிவேப்பிலையை, அன்று அவரே ஒரு கைப்பிடி எடுத்துப் பைக்குள் வைத்தார். அம்மா அதை எடுத்துத் திருப்பி வைத்தாள்.

விருந்தில் சாம்பார், பொரியல், மோர்க்குழம்பு எல்லாமே வெண்டைக்காய். அத்தைக்குக் காரணம் தெரியாது. வாரம் முழுக்க அதுவேதான். "வெண்டைக்காய்த் திருவிழா" என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை. எல்லாம் என்னால்தானே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகும் சந்தைக்குப் போனோம். அம்மா வெண்டைக்காயைக் கண்ணால் பார்த்து, கைக்கு வந்ததை எடுத்துத் தட்டில் போட்டாள். பாதி முற்றல். அப்பா நாரை மென்று, சத்தமில்லாமல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். தெருப் பெண்கள் தங்கள் காயைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

"ஒனக்கு இப்பல்லாம் காய் பாக்கவே தெரியலம்மா" என்றேன் ஒருநாள், வாயிலிருந்த சக்கையைத் துப்பிவிட்டு.

"ஆமாண்டி" என்று சொல்லி, என் சோற்றில் இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினாள்.

அன்று சந்தையில் அவமானப்பட்டது நான் மட்டும்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.