சாரத்தில் என் காலைப் பிடித்த தாய்

அம்பாளை நம்பி வந்திருக்கும் உங்களுக்கு, எனக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். என் பெயர் அஞ்சலை. ஊர் பாகூருக்குப் பக்கம். ஆறு வருஷமாகச் சாந்துச் சட்டியோடு சாரம் ஏறிய சித்தாள் நான். அப்படிப்பட்ட எனக்கு ஒரு கார்த்திகையில் ஏற முடியாமல் போயிற்று.

எங்கள் பக்கத்துப் பிரெஞ்சுக்காரரின் ஜூலைப் பதினாலு கொண்டாட்டம் முடிந்த மறுவாரம், எங்கள் கோயில் கோபுரத்தைப் புதுப்பிக்கச் சவுக்குக் கழியால் சாரம் கட்டினார்கள். ஐப்பசி முழுக்க அடைமழை. வேலை நின்றது. மழை விட்டுத் திரும்ப ஏறிய அன்றைக்கே என் கால் நடுங்கத் தொடங்கியது. வீட்டில் இரண்டு குழந்தைகள். என் வீட்டுக்காரர் ஏழுமலை அதே கோபுரத்தின் மேல்நிலையில் கொத்தனார். அவருக்குச் சொல்லவில்லை.

மேஸ்திரி பார்த்துவிட்டார். "ஏற முடியலன்னா இங்க உனுக்கு இன்னா வேல? வூட்டுக்குப் போ."

சந்நிதியில் விழுந்து அழுதேன். தாயே, இந்தப் பயத்தை எடுத்துவிடு. மூன்று நாள் அதையே கேட்டேன். பயம் போகவில்லை. அவளும் கைவிட்டாள் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் காலை ஒரே பனி. வயல் இல்லை, ஏரி இல்லை, கீழே தரையும் இல்லை. வர்ணம் பூசாத சுதைத் தெய்வங்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக முகம் காட்டின. வேலை போய்விடுமே என்று, தூக்கத்தில் நடப்பது போல ஏறினேன். மூன்றாம் நிலையில் யாரோ என் கணுக்காலை மெல்லப் பிடித்தார்கள். குளிர்ந்த, சின்னக் கை. சத்தியமாகச் சொல்கிறேன். குனிந்து பார்த்தேன். ஒருவரும் இல்லை.

அப்படியே உட்கார்ந்து கழியைக் கட்டிக்கொண்டேன். கட்டியிருந்த கயிறு என் விரலில் பொடியாக உதிர்ந்தது. மழையில் உள்ளே இற்றுப்போயிருந்தது.

"மாமா! கட்டு வுட்டுப் போவுது மாமா!" என்று மேலே நின்ற என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"பயந்துக்கினு கயித்த சாக்கு சொல்றியா?" என்று கீழிருந்து மேஸ்திரி கத்தினார்.

என் வீட்டுக்காரர் மட்டும் நம்பினார். "அஞ்சல, குதிக்காத. பக்கத்துல இருக்குற கோபுர வாச வழியா உள்ள பூந்துடு. எல்லாரும் உள்ள வாங்கப்பா, மெதுவா!"

சாரத்தில் இருந்த ஒன்பது பேரும் கோபுர வாசல்கள் வழியே உள்ளே நுழைந்து, படியிறங்கி வந்தோம். மேஸ்திரி சோதித்துப் பார்க்கத் தூரத்தில் நின்று ஒரு கழியை வடம் போட்டு இழுத்தார். மூன்று நிலைச் சாரமும் சரிந்தது. புழுதி அடங்கியது. பிறகு அவர் என் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே புதுக் கயிறு வந்தது. விடிந்ததும் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்த பிறகே ஏறினோம். மேலே நிற்பவர் இடுப்பில் கயிறு, அதன் மறுமுனை கருங்கல் தூணில். மழை பெய்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவோம். கும்பாபிஷேகம் வரை ஒருவர்கூட விழவில்லை.

நான் கேட்டதை அவள் தரவில்லை. அதனால்தான் எட்டு வீட்டில் அன்று உலை கொதித்தது. உயரத்தில் உழைக்கும் என் உறவுகளே, உங்கள் கால் தயங்கினால் வெட்கப்படாதீர்கள். நில்லுங்கள். கயிற்று முடிச்சைத் தொட்டுப் பாருங்கள். தாயைக் கூப்பிடுங்கள், அவள் பக்கத்தில்தான் இருக்கிறாள்.