டப்பாவில் தேதி சரியாகத்தான் இருந்தது

மந்தைவெளியில் குடியிருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். வாரச் சமையலை ஞாயிறன்றே திட்டமிட்டு, கூட்டுக்கும் குழம்புக்கும் தேங்காய் விழுது அரைத்து, டப்பாக்களில் தேதி எழுதி ஃப்ரீசரில் அடுக்கிவிடுவோம். தேதி எழுதுவது என் பொறுப்பு.

சென்ற மழைக்காலத்தில், ஒரு ஞாயிறு இரவு மதுரைக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பி, புதன் காலை அலுப்போடு திரும்பினோம். சௌசௌ கூட்டுக்கு விழுதை எடுத்த மனைவி முகம் சுளித்தாள்.

“லேசா ஒரு வாடை வருதுங்க.”

“தேதியைப் பாரு, மூணு நாள்தான் ஆச்சு. கல்லு மாதிரி உறைஞ்சிருக்கு.”

“சரி, உங்க தேதியே ஜெயிக்கட்டும்” என்று வாணலியில் போட்டாள்.

பசி தாங்காமல் முதலில் சாப்பிட்டவள் எங்கள் ஆறு வயது மகள்தான். மதியத்துக்குள் நான்கு முறை வாந்தி. மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏறியபோது அவள் கை என் கைக்குள் துவண்டு கிடந்தது. மாலையில்தான் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

மறுநாள், வீட்டுவேலைக்கு வரும் செல்வி தலையில் அடித்துக்கொண்டார். “இன்னா சார், நீங்க ஊருக்குப் போனப்ப ஒரு நாள் பூரா கரண்டே இல்ல. ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!”

விழுது உருகிக் கெட்டுப்போய், மறுபடி உறைந்திருக்கிறது.

இப்போதும் வாரத் திட்டம் உண்டு. காய்களை முன்கூட்டியே நறுக்கி வைக்கிறோம். தேங்காயை மட்டும் அன்றன்றைக்கே அரைக்கிறோம். ஐந்து மணிக்கு எழுந்து துருவுவது என் வேலை. தூக்கம் போதவில்லைதான். ஆனாலும் மகள் இரண்டாம் முறை கூட்டு கேட்கும்போது பயமில்லாமல் பரிமாற முடிகிறது.